ஆறு நாளாகத் தரை சாய்கிறது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சின்ன வயதிலிருந்தே தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல்தான். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கம்பெனியில் நடந்த கண் முகாமில்தான் பவர் இருப்பது தெரிந்தது. கண்ணாடி வாங்கி இன்றோடு ஆறு நாள். எதிர்வீட்டு மாடிக் கொடியில் மாட்டியிருக்கும் கிளிப் வரைக்கும் தெரிகிறது மேடம். ஆனால் தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. படியில் கால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலையைத் திருப்பினால் வீடும் கூடவே திரும்புகிறது. துணியைக் குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கிறது. கடையில் கேட்டால் "பழகிடும்மா" என்கிறார்கள். வீட்டுக்காரரோ, "இத்தன வருசம் இல்லாமயே இருந்தவதானே, கழட்டி வெய்யி. போட்டா பவர் ஏறிக்கிட்டேதான் போகும்" என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகலாமா? கண்ணாடி போட்டும் 6/9 தான் என்று சீட்டில் எழுதியிருக்கிறது, அது ஏன்? வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் கண்ணாடியே வாங்கினேன். ஏழாவது படிக்கும் பையனும் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறான், அதுவும் கவலையாக இருக்கிறது.

பதில்: சீட்டையும் படம் பிடித்து அனுப்பினீர்களே, அது ரொம்ப உதவி. வலது கண்ணுக்கு மைனஸ் 3.50, சிலிண்டர் மைனஸ் 2.50, ஆக்ஸிஸ் 25. இடது கண்ணுக்கு மைனஸ் 3.00, சிலிண்டர் மைனஸ் 2.75, ஆக்ஸிஸ் 155. ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று எண். அதில் முதல் எண்தான் மாடிக் கொடியின் கிளிப்பைக் காட்டுகிறது. தரையைச் சாய்ப்பது பின்னால் இருக்கும் இரண்டும்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. மைனஸ் பவர் உள்ளவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவரை தெளிவாகத் தெரியும் என்று தெரிந்துகொள்ள, 1 மீட்டரைப் பவரால் வகுத்தால் போதும். சிலிண்டரில் பாதியைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் கண்களின் பவர் ஏறக்குறைய நாலரையிலிருந்து நாலே முக்கால். வகுத்தால் 21, 22 செ.மீ. வருகிறது. சரியாக ஒரு சாண். இத்தனை வருடமாக அந்த ஒரு சாணுக்குள்தான் உங்களுக்கு உலகம் ஓரளவு துலக்கமாக இருந்திருக்கிறது. துணியையும் அந்தத் தூரத்தில் பிடித்துத்தான் ஓட்டையும் கறையும் பிசிறும் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு கிட்டத்தில் எதுவும் பெரிதாகத் தெரியும், அதனால் செக்கிங்கில் உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பேர்கூட வாங்கியிருப்பீர்கள். தெருவில் எதிரே வந்து சிரித்தவர்கள்தான், "பாத்தும் பாக்காத மாதிரி போறா, தலைக்கனம்" என்று பேசியிருப்பார்கள். முதல் கண்ணாடி போடும் பலர் என்னிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

இப்போது தரைக்கு வருவோம். கருவிழி பந்து போல எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல், கோழிமுட்டையின் பக்கவாட்டைப் போல ஒரு திசையில் கூடுதலாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருப்பதைத்தான் சிதறல் பார்வை என்கிறோம். கடையில் அதற்குப் பெயர் சிலிண்டர் பவர். அந்த பவர் எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்ஸிஸ். இரவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தெருவிளக்கைப் பாருங்கள். புள்ளியாக இல்லாமல் ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரியும். கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் தன் இடது கண்ணில் இப்படி இழுபடுவதைக் கவனித்து, தானே அளவெடுத்து, 1825-இல் தனக்கென்று ஒரு லென்ஸ் செய்துகொண்டார். இன்று உங்கள் மூக்கில் இருப்பது அதே வகை லென்ஸ்தான்.

இந்த லென்ஸ் மங்கலைச் சரிசெய்யும்போது உருவத்தைக் கொஞ்சம் சுருக்கவும் செய்யும். உங்கள் வலது லென்ஸ் ஒரு திசையில் நூற்றுக்கு நாலு பங்கும் இன்னொரு திசையில் ஏழு பங்குக்குச் சற்றே குறைவாகவும் சுருக்குகிறது. வட்டமான தோசைக்கல் நூலளவு நீள்வட்டமாகிவிடும். அந்த நீள்வட்டம் நேராக நிற்காமல், உங்கள் ஆக்ஸிஸின்படி வலது கண்ணில் ஒரு பக்கமும் இடது கண்ணில் எதிர்ப்பக்கமும் சரிந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு ஒவ்வொரு கண்ணிலும் ஒரு டிகிரிகூடச் சாயாது. ஆனால் மேடு பள்ளம் எது என்பதை மூளை கணிப்பதே இரண்டு கண்ணின் படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான். அதனால் அந்தச் சிறு வித்தியாசம் தரைக்கு வரும்போது சரிவாகப் பெருகிவிடுகிறது.

நம்பிக்கை வராவிட்டால் இப்போதே பாருங்கள். கண்ணாடியோடு டைல்ஸ் தரையில் நின்று ஒரு கண்ணை மட்டும் மூடுங்கள். சரிவு பெரும்பாலும் காணாமல் போகும். திறந்தால் திரும்ப வரும். அப்படி நடந்தால் சரிவுக்குக் காரணம் கண்ணில் உள்ள கோளாறு அல்ல, இரண்டு கண்ணின் புதுக் கணக்கை மூளை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

தலையைத் திருப்பும்போது வீடும் திரும்புவது வேறு கதை. நாம் தலையை வலப்பக்கம் திருப்பினால் கண் தானாகவே அதே அளவு இடப்பக்கம் ஓடும். நடந்துகொண்டே பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இதற்கான உத்தரவைப் போடுகிறது. மைனஸ் லென்ஸ் உலகத்தைச் சுருக்கிவிட்டதால் கண் முன்பு ஓடிய அளவு ஓட வேண்டியதில்லை, பழைய கணக்குப்படி ஓடினால் மிகையாகிவிடும். அந்த மிகைதான் வீடு நகர்வதாகத் தெரிகிறது. மூளை இந்த அளவைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் சில நாளிலேயே. உங்கள் தொல்லைகளில் முதலில் விடைபெறப் போவது இதுதான். தரைச் சரிவுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம்.

"கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாமா?" என்ற உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். போடலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. போடுவது, தலை சுற்றினால் கழற்றுவது, பஸ் நம்பர் பார்க்க மறுபடி போடுவது, உடனே பையில் வைப்பது என்று ஒரு நாளைக்கு இருபது தடவை மாற்றுபவர்கள்தான், நான் பார்த்த வரையில், கடைசிவரை பழகாதவர்கள். 1890-களில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் உலகத்தையே தலைகீழாகக் காட்டும் லென்ஸைக் கண்ணில் கட்டிக்கொண்டு எட்டு நாள் இருந்தார். கழற்ற வேண்டிய நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டார், பழைய உலகத்தைப் பார்க்கவே இல்லை. கை எங்கே போகிறது, கால் எங்கே படுகிறது என்பதெல்லாம் நாளாக நாளாக அவருக்கு வசப்பட்டுவிட்டது. தலைகீழ் உலகமே வசப்படும்போது உங்கள் சரிவு எம்மாத்திரம்! கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. மூளைக்குப் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் காட்டிக் குழப்பாதீர்கள் என்கிறேன்.

ஆகவே காலையில் எழுந்து முகம் கழுவியதும், மங்கல் கண்ணில் படும் முன்பே கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். முதல் மூன்று நாலு நாள் காலையில் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம், வீட்டுக்குள் மட்டும். அந்த நேரத்தில் உட்கார்ந்தே இருக்க வேண்டாம். பாத்திரம் எடுத்து வையுங்கள், வாசல் கூட்டுங்கள், கோலம் போடுங்கள். கோலம் இதற்கு அருமையான பயிற்சி. கண் சாய்வு என்று சொல்வதைக் கை நேர் என்று திருத்திக்கொண்டே இருக்கும். பிறகு நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டே போய், இரண்டாவது வாரக் கடைசியில் தூங்கும் நேரம் தவிர முழு நாளும் போடும் நிலைக்கு வந்துவிட வேண்டும். கழற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் காலையில்தான் மறுபடி. ஏற்கெனவே ஆறு நாள் போட்டிருக்கிறீர்கள், அதைக் கணக்கில் வைக்காமல் புதிதாகத் தொடங்குங்கள்.

படியில் இறங்கும்போது விழியை மட்டும் தாழ்த்தாமல் தலையையே குனிந்து பாருங்கள். லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்த்தால் கோணல் குறைவு, ஓரம் வழியாகப் பார்த்தால்தான் படி இடம் மாறித் தெரியும். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். இடுப்பில் தண்ணீர்க்குடமோ கையில் குழந்தையோ வைத்துக்கொண்டு இந்த இரண்டு வாரம் படி இறங்கவே வேண்டாம்.

நெற்றிவலிக்குக் காரணம் தரைச் சரிவு அல்ல. கிட்டத்தில் பார்ப்பதற்குக் கண்ணுக்குள் ஒரு தசை சுருங்கி லென்ஸைக் குவிக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் கண்ணாடி இல்லாமலே தெரிந்ததால் அந்தத் தசைக்கு இதுவரை வேலையே இருந்ததில்லை. பிறந்ததிலிருந்து பெரிதாக வேலை செய்யாத ஒருவரைக் கூப்பிட்டு, முதல் நாளே ஓவர்டைம் பார் என்றால் என்ன ஆகும்? கண்ணாடியோடு அதே ஒரு சாணில் துணியைப் பிடித்தால் தசை நாலு பவருக்கு மேல் சுருங்க வேண்டும். 38 வயதில் மொத்தச் சக்தியே ஐந்தரையிலிருந்து ஏழு பவர்தான், அதில் பாதியைத்தான் நாள் முழுக்க வலிக்காமல் செலவழிக்க முடியும். துணியை இரண்டு சாண் தள்ளிப் பிடியுங்கள், தேவை பாதியாகக் குறைந்துவிடும். "தள்ளிப் பிடித்தால் சின்னதாகத் தெரிகிறதே" என்பீர்கள். தெரியும். அதற்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள், டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கும் மேஜையைக் கேளுங்கள். முதல் பத்து நாள் கம்பெனியில் கண்ணாடி இல்லாமல் பழையபடியே வேலை பார்த்தாலும் குற்றமில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவரை, பாதி வேகத்தில் வேலை செய்து பழகு என்று சொல்ல எனக்கு மனம் வராது. இன்னும் நாலைந்து வருடத்தில் வெள்ளெழுத்தும் வந்து சேரும். அப்போது கிட்டத்துக்குத் தனியாக ஒரு பவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவேளை வலி நெற்றியில் இல்லாமல் காதுக்குப் பின்னாலோ பொட்டிலோ இருந்தால், அது ப்ரேம் இறுக்கம். கடையில் இரண்டு நிமிட வேலை.

"பழகிடும்" என்று கடையில் சொன்னது பாதி உண்மை. சரியாகச் செய்த கண்ணாடிதான் பழகும். தப்பாகச் செய்ததற்கு மூளை பழகவே கூடாது, பழகக் காத்திருப்பதும் வீண். இதில் என் சந்தேகம் முதலில் ப்ரேம் மீதுதான் விழும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நில்லுங்கள். இரண்டு லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கிறதா? சிலிண்டர் லென்ஸ் 5 டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் ஆறில் ஒரு பங்கு வீணாகும். 30 டிகிரி திரும்பிவிட்டால் கண்ணாடி போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று, இருந்த அளவு சிதறல் அப்படியே மிச்சமிருக்கும். அடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் எழுத்தைப் பார்த்தபடி ப்ரேமை விரலால் லேசாக வலமும் இடமும் திருகுங்கள். எந்தப் பக்கம் திருகினாலும் கொஞ்சம் மங்க வேண்டும், அதுதான் சரி. ஒரு பக்கம் திருகும்போது எழுத்து பளிச்சென்று ஆனால் ஆக்ஸிஸ் பிசகியிருக்கலாம். அடுத்த கண்ணுக்கும் இதே போலப் பாருங்கள்.

பிறகு சீட்டோடு கடைக்குப் போய், "லென்சோமீட்டரில் வைத்துப் பாருங்க, பவரும் ஆக்ஸிஸும் பி.டி.யும் சரியா இருக்கான்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். லென்சோமீட்டர் என்பது லென்ஸின் பவரை அளக்கும் கருவி. பி.டி. என்பது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம். லென்ஸின் மையம் அதற்கு நேராக அமையாவிட்டால் லென்ஸ் பட்டகம் போல வேலை செய்து, இரண்டு கண்ணையும் இழுத்துப் பிடிக்க வைத்துவிடும். முகாமில் கூட்டத்தோடு கூட்டமாக எடுத்த அளவாக இருந்தால் இதைச் சரிபார்ப்பது அவசியம். வாங்கியவர் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாக இருந்து, மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் தரை அடங்காவிட்டால், பவரைக் குறைத்து எழுதிக் கேட்கலாம். இதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் வழிதான், பலருக்குத் தெரிவதில்லை. உதாரணமாக உங்கள் வலது கண்ணுக்கு சிலிண்டரை 2.50-லிருந்து 1.50 ஆக இறக்கி, அதை ஈடுகட்ட முதல் எண்ணை 3.50-லிருந்து 4.00 ஆக ஏற்றுவோம். தெளிவு கொஞ்சம் குறையும், சரிவு நன்றாகக் குறையும். சில மாதம் கழித்து முழு சிலிண்டருக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால், நாற்பதை நெருங்கும் வயதில் இவ்வளவு சிலிண்டரோடு, அதுவும் சாய்ந்த ஆக்ஸிஸோடு, முதல் கண்ணாடி போட ஒருவர் வந்தால் நான் இந்த இரண்டு படி முறையில்தான் கொடுப்பேன். கொடுக்கும் முன் சோதனை ப்ரேமில் லென்ஸைப் போட்டுவிட்டு, கால் மணி நேரம் வராந்தாவில் நடந்து, படி ஏறி இறங்கிவிட்டு வரச் சொல்வேன். லென்ஸுக்குப் பணம் கட்டிவிட்ட நிலையில் உடனே மாற்றுங்கள் என்று சொல்லவில்லை, மூன்று வாரம் பாருங்கள்.

6/9 விஷயம். சிலிண்டர் பவர் சின்ன வயதிலேயே இருந்து, கண்ணாடி போடாமல் வளர்ந்திருந்தால், ஒரு திசைக் கோடுகளைக் கூர்மையாகப் பார்க்கும் பயிற்சியே மூளைக்குக் கிடைத்திருக்காது. கண்ணாடி இன்று கூர்மையான படத்தைக் கொடுத்தாலும் மூளையால் அதை முழுக்கப் படிக்க முடிவதில்லை. சோம்பல் கண் என்பார்கள். 6/9 என்றால் ஆறு மீட்டரில் நீங்கள் படிக்கும் எழுத்தை நல்ல பார்வை உள்ளவர் ஒன்பது மீட்டரிலிருந்தே படித்துவிடுவார். அவ்வளவுதான் வித்தியாசம், அன்றாட வாழ்க்கைக்கு இது நல்ல பார்வை. ஆனால் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. இவ்வளவு சிலிண்டர் முதன்முறையாகத் தெரிய வரும்போது கருவிழி கூம்பாகிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண் மருத்துவமனையில் கருவிழியின் வளைவைப் படமாக எடுக்கும் கருவி இருக்கும், ஒருமுறை எடுத்துவிடுங்கள். கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதே நடையில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்துவிடட்டும். மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழிய மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது போலவோ, ஒரு ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால், கண்ணாடி பழகாததுதான் காரணம் என்று இருந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒரே பொருள் இரண்டாகத் தெரிந்தாலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் கூடவே மாறும், அப்போது எடுத்த அளவு நிற்காது.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது அவர் மட்டும் சொல்வதல்ல, ஊரே சொல்வது. கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. தெளிவாகப் பார்த்துவிட்ட பிறகு பழைய மங்கலைச் சகிக்க முடியாது. கழற்றியதும் முன்பைவிட மோசமாகிவிட்டதாகத் தோன்றுவது அதனால்தான். வளரும் பிள்ளைகளுக்குப் பவர் ஏறுவது கண்பந்து நீள்வதால். பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாமல் நிற்கும் என்று நினைத்து மலேசியாவில் சோதித்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருந்தது.

வண்டிக்கு அவசரம் வேண்டாம். தரை நேராகி, படியில் கைப்பிடியை மறந்து இறங்கும் நாள் வந்து, அதற்கு மேலும் ஒரு வாரம் போகட்டும். முதலில் பகலில், ஆள் இல்லாத மைதானத்தில்.

பையனை இந்த வாரமே காட்டுங்கள். கம்ப்யூட்டரில் முகம் வைத்து எடுக்கும் சீட்டோடு அனுப்பிவிடும் இடமாக இல்லாமல், சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார வைத்துப் பார்க்கும் இடமாக இருக்கட்டும். பிள்ளைகளின் கண் தசை வலுவானது, மருந்து விடாமல் பார்த்தால் உள்ளதைவிட மைனஸைக் கூட்டிக் காட்டிவிடும். மருந்து விட்ட அன்றைக்குப் பையனுக்குக் கிட்டத்தில் படிக்க வராது, வெயிலில் கண் கூசும். அதனால் மறுநாள் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்து அழைத்துப் போங்கள். அவனுக்கும் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டு, சீட்டை எனக்கு அனுப்புங்கள்.